அட்டைக் கட்டில் ஒரு கம்ப்யூட்டர் பாடம்!



தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருக்கிறது என் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ முடித்த அந்த வீட்டுப் பெண், கூடம் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, சீட்டாட்டமா?" என்றேன்.

"இல்லை சார், கம்ப்யூட்டர் பாடம்! வீடியோவில் சொல்லித் தந்ததைச் செய்து பார்க்கிறேன்" என்று சிரித்தாள்.

அட்டையில் கம்ப்யூட்டர் பாடமா? எனக்கு வியப்பு தாங்கவில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என்ன படிப்பு இது?

கிண்டி அருகே உள்ள சென்னை ஐ.ஐ.டி. 1959ல் தொடங்கப்பட்டது. இந்த நிறுவனம் 2020ல் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. 2021ல் வகுப்புகள் தொடங்கின. பாடம், தரவு அறிவியல். அதாவது, குவிந்து கிடக்கும் தகவல்களிலிருந்து விடை தேடும் கலை. இதில் சேர ஜே.இ.இ. தேர்வு எழுதியே தீரவேண்டும் என்பதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். வயது வரம்பும் கிடையாது.

கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு தொடக்கத்திலேயே வரும் இன்னொரு பாடம்தான் 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்'. கணினிக்கு ஏற்றபடி படிப்படியாகச் சிந்திப்பது என்று பொருள். இதை நடத்துபவர்கள் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ். முகுந்த், நம் பக்கத்துச் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தைச் சேர்ந்தவர். மதிப்பெண் அட்டைகள், கடை ரசீதுகள், சொற்கள் எழுதிய அட்டைகள் இவைதான் இந்தப் பாடத்தின் கருவிகள்!

நீங்களும் செய்யலாம்

ஐந்து அட்டைகளில் ஐந்து பேரின் மொத்த மதிப்பெண்களை எழுதுங்கள்: 212, 187, 243, 230, 198. (மொத்தம் 300க்கு.) அட்டைகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். இது முதல் கட்டு. ஒரு தாளில் 0 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மேலே உள்ள அட்டையை எடுங்கள். அதிலுள்ள எண், தாளில் உள்ளதைவிடப் பெரியதா? பெரியது என்றால், பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். இல்லையென்றால் தாளைத் தொடாதீர்கள். பார்த்த அட்டையை இரண்டாம் கட்டில் வையுங்கள். முதல் கட்டு தீரும் வரை இப்படியே செய்யுங்கள்.

தாளில் என்ன நடந்தது? 0 போய் 212 வந்தது. பிறகு 243 வந்தது. அதுவே நின்றுவிட்டது. முதல் மதிப்பெண் 243! அடிக்கடி மாறும் அந்தத் தாள் எண்ணுக்கு 'மாறி' என்று பெயர். ஐந்து அட்டைக்குச் செய்த இதே முறை, ஐம்பது லட்சம் அட்டைக்கும் பொருந்தும்.

நான் செய்த தவறு

"ஐந்து எண்ணைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமே, சார்?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆசிரியராக இருந்தபோது ஒரு வருடம், ஐம்பது பேரின் அட்டைகளை அவசரமாகப் புரட்டிப் பார்த்து, முதலிடம் இன்னாருக்கு என்று அறிவித்தேன். பரிசும் கொடுத்தாயிற்று. மறுநாள்தான் கவனித்தேன், இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன! உண்மையில் முதலிடம் பெற்ற மாணவி, கடைசி பெஞ்சில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வோர் அட்டையாக எடுத்து வைத்து, கடைசியில் இரண்டாம் கட்டை எண்ணியிருந்தால் 49தான் வந்திருக்கும். தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

1973ல் இதே ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி வந்தது. அந்தக் காலத்தில் கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில்தான் கொடுப்பார்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்துகள். கட்டு கைதவறி விழுந்து வரிசை கலைந்தால், மொத்த வேலையும் கெட்டுவிடும்!

இன்று அட்டைகள் போய்விட்டன. ஆனால் கணினி இன்றும் நாம் சொன்ன படிகளைத்தான் செய்கிறது. நாம் ஒரு படியைத் தவறாகச் சொன்னால், அது தவறையும் வேகமாகச் செய்யும். ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிய வேண்டும்.

உங்களுக்கு ஒரு புதிர்

இதே முறையில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 'பெரியதா' என்பதற்குப் பதில் 'சிறியதா' என்று கேட்டால் போதுமா? செய்து பாருங்கள். விடை 0 என்று வரும். ஆனால் யாருமே 0 வாங்கவில்லையே! எங்கே தவறு? யோசித்த பிறகே கீழே பாருங்கள்.

விடை: தாளில் முதலில் எழுதிய 0தான் தவறு. 0ஐவிடச் சிறிய மதிப்பெண் கிடையாது என்பதால், அது மாறவே மாறாது. 0க்குப் பதில் 300 என்று தொடங்குங்கள். 187 என்ற சரியான விடை வரும்!