கொல்லிமலைக்கு எந்த டெம்ப்ளேட்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே மிளகு கொள்முதல் செய்யும் குழு ஒன்றுக்கு, யார் எத்தனை கிலோ போட்டார், பாக்கி எவ்வளவு என்று செல்போனில் குறித்துக்கொள்ள ஒரு செயலி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இதையெல்லாம் இப்போது யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. கோப்புறை அமைப்பு, லாகின், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் தயாராக உள்ள ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்டை எடுத்து அதன்மேல் கட்டுகிறார்கள். 2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் பரப்பிய பழக்கம் இது. ஆனால் டெம்ப்ளேட்டோடு, அதை எழுதியவர் தன் வேலைக்காக எடுத்த முடிவுகளும் சேர்ந்தே வரும்.

நெட் எப்போதும் இருக்கும் என்பது அவற்றில் ஒன்று. மலையில் சிக்னல் போனால், மூட்டை தராசில் இருக்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கு முதலில் போனிலேயே பதிவாகி, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். இதைப் பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு. அதனால் டெம்ப்ளேட்டை பில்டு செய்து ஒருமுறை திறந்துவிட்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு மறுபடி திறந்து பாருங்கள். குரோமின் டைனோசர் வந்தால் வேறு தேடலாம்.

அடுத்து, பெயர்ப் பெட்டியில் 'கொல்லிமலை' என்று அடியுங்கள். நமக்கு 5 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 9, யுடிஎஃப்-8இல் 27 பைட். ஆங்கிலப் பெயர்களை நினைத்து நீளத்துக்கு வரம்பு வைத்த டெம்ப்ளேட், நம் பெயர்களைப் பாதியில் வெட்டும்.

கிட்ஹப் நட்சத்திரங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. பேஸ்புக் 2016இல் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப்பைவிடப் புகழ்பெற்ற தொடக்கம் அரிது. 2025 பிப்ரவரியில், புதிய செயலிகளுக்கு அது வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்தது. கடைசி மாற்றம் எப்போது நடந்தது என்று பாருங்கள். லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத நிரல் பொதுவில் கிடந்தாலும் எடுத்தாள அனுமதி கிடையாது.

மிளகுக் கணக்குக்கு நான் எடுப்பது வீட் கருவி தரும் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் டெம்ப்ளேட். அதுவும் டைனோசரைத்தான் காட்டும்; ஆனால் அதில் பிரித்துக் கட்ட எதுவும் இல்லாததால், முதல் நாளே சேர்க்க ஆஃப்லைனுக்கு ஒரு பிளக்இன், பதிவுகளுக்கு பிரவுசரிலேயே உள்ள இண்டெக்ஸ்டு-டிபி. லாகினை, குழுவில் இரண்டாவது போன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.