பழங்கத்தியும் துருவும்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தமிழாசிரியர் பலரும் வகுப்பில் நடத்திய பாட்டு அது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை போரில் நுனி மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கும் அத்திறத்தையே நாம் மாணவர்க்கு எடுத்துக் காட்டுகிறோம். ஆயின் அப்பாட்டில் உலகியல் செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. எடுத்தாளாத இரும்புக்கு நெய் வேண்டும். எடுத்தாளும் இரும்புக்குக் கொல்லன் வேண்டும். இரண்டும் இல்லாத இரும்பு துருவுக்கு இரையாகும்.

இந்த மூன்றாம் வகை இரும்புதான் இன்று சிங்கப்பூரில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ரோச்சோர் கால்வாயை அடுத்த சுங்கை ரோட்டில், 1930களில் தோன்றிப் 'திருடர் சந்தை' என்று பெயர் பெற்ற பழம்பொருள் சந்தை ஒன்று இருந்தது. சிராங்கூன் சாலைக்கு வரும் நம்மவர் சிறிது தொலைவு நடந்தால் அதனை அடைந்துவிடலாம். பழைய சுத்தியல், உளி, கத்தி ஆகியவற்றைக் கையில் எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார்கள். 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு அச்சந்தை மூடப்பட்டது. இப்போது அப்பொருள்கள் கைப்பேசித் திரையில் படமாக வருகின்றன. படத்தைத் தட்டிப் பார்க்க இயலாது. பொட்டலத்தைப் பிரித்த பிறகே, பழுப்புநிறப் புள்ளிகள் படர்ந்த கத்தியோ, வாய் முழுதும் செம்மண் பூசியது போன்ற அரிவாள்மணையோ கண்ணிற்படுகிறது.

வாங்கியவர் உடனே இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நஞ்சு என்று அஞ்சிக் குப்பையில் எறிகிறார். அல்லது வீட்டிலுள்ள புளிப்பான பொருளையெல்லாம் ஊற்றி இரவு முழுதும் ஊறவைத்துக் கத்தியைக் கெடுக்கிறார். முதலாவதில் நல்ல எஃகு வீணாகிறது. இரண்டாவதில் எஃகும் வீணாகி, உழைப்பும் வீணாகிறது. துரு இன்னதென்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் துரு என்பதை யாழ்ப்பாணத்தார் கறள் என்பர். செம்பிலும் பித்தளையிலும் படிவதற்குக் களிம்பு என்பது பெயர். உலோகம் எதுவாயினும் காற்றாலும் நீராலும் அரிக்கப்படுவதை இக்காலப் பாடநூல்கள் அரிமானம் என்கின்றன. ஆக, அரிமானம் பொதுப்பெயர். துருவும் களிம்பும் அதன் சிறப்புப் பெயர்கள். 'பித்தளை துருப்பிடித்தது' என்று மாணவன் எழுதினால் திருத்தவேண்டியது ஆசிரியர் கடமை.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. செம்பில் படியும் பசுங்களிம்பு செம்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உள்ளிருக்கும் உலோகத்தை ஒருவாறு காக்கும். இரும்பின் துரு அப்படியன்று. அது தான் உண்ட இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருவாகும். சைவ சித்தாந்த நூலோர் உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை கூறினார்கள். இரும்பின் துருவைக் கூறியிருந்தால், உயிரே நாளடைவில் உதிர்ந்து போகும் என்று பொருள் கொள்ள நேர்ந்திருக்கும்! அவர்கள் உலோகம் அறிந்தே உவமை எடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

துரு உண்டாக இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் வேண்டும். இதனைக் காட்டும் எளிய சோதனை ஆசிரியப் பயிற்சி பெற்ற அனைவர்க்கும் தெரியும். மூன்று குழாய்களில் மூன்று ஆணிகள். ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் உப்பையிட்டு வாயை அடைத்து வைப்போம். ஒன்றில் கொதித்து ஆறிய நீரை நிரப்பி மேலே எண்ணெய் மிதக்கவிடுவோம். ஒன்றில் பாதியளவு சாதாரண நீர். சில நாள் கழித்து மூன்றாம் ஆணியே சிவந்திருக்கும். தோட்டப் பள்ளியில் இச்சோதனைக்கு நான்காவதாக ஒரு குழாய் வைத்து, அதில் உப்புநீர் ஊற்றுவது என் வழக்கம். அந்த ஆணி மற்றதை முந்திக்கொள்ளும். ஏனெனில், துருப்பிடித்தல் என்பது உலோகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நுண்ணிய மின்னோட்டம் பாயும் வினை. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்துக்கு நல்ல வழி.

சிங்கப்பூர் நான்கு புறமும் கடல் சூழ்ந்த தீவு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60ஐத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருவேறத் தொடங்கும். இங்கோ ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 82. விடியற்காலையில் 90ஐயும் கடக்கும். வெயில் காயும் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். டில்லி இரும்புத் தூணைப் பற்றி இவ்விடத்தில் யாரேனும் கேட்பர். ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உள்ள அத்தூண் 1600 ஆண்டுகளாக நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதனை நுணுகி ஆராய்ந்தார். அவ்விரும்பில் பாஸ்பரம் மிகுந்திருப்பதால், மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட்டுப் படலம் உண்டாகிக் காக்கிறது என்று அவர் விளக்கினார். டில்லியின் வறண்ட காற்றும் துணை நிற்கிறது. நம் சமையலறைக் கத்திக்கு இரண்டு பேறும் இல்லை.

எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காதே என்பார் உளர். எஃகோடு நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் ஒன்று தோன்றும். 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இவ்வகை எஃகை உருக்கினார். ஆயினும் கூர்மை நிற்பதற்காகக் கத்தி எஃகில் கரிமத்தைக் கூட்டுகிறார்கள். ஆதலால் சாப்பாட்டுத் தட்டுக்கு உள்ள காப்பு கத்திக்கு இராது. உப்பு ஊறுகாய் படிந்தபடியே கிடந்தால் அதிலும் ஊசிமுனை போன்ற குழிகள் விழும்.

பழங்கத்தி கைக்கு வந்ததும் துருவைத் தேய்க்காமல் முதலில் பார்க்கவேண்டும். கருமையாகவும் நீலமாகவும் வழவழப்பாகப் படிந்திருப்பது பகையன்று. வாழைப்பூவும் வாழைக்காயும் அரிந்து அரிந்து அரிவாள்மணை கறுத்துப் போவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். காயிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கூடி உண்டாக்கும் கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலத்தில் ஏட்டில் கறுத்ததும் இதே வினையால்தான். அந்தக் கறுப்புப் படலம் செந்துருவைத் தடுக்கும். அதனைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது வேண்டாத வேலை. நகத்தால் கீறினால் பொடியாக உதிரும் சிவப்பே நாம் நீக்கவேண்டியது. நீக்கிய பிறகு அடியில் குழி தெரிந்தால் அதன் இடத்தைக் கவனிக்கவேண்டும். கத்தியின் முதுகிலோ பக்கத்திலோ குழி இருந்தால் கெடுதியில்லை. வாயில் இருந்தால் கூர் நில்லாது. அக்குழி போகும் வரையில் சாணை பிடிக்கவேண்டும். கைப்பிடியும் இரும்பும் கூடும் இடத்தில் மரம் பிளந்திருந்தால், உள்ளே செல்லும் வால்பகுதி துருவேறிப் பருத்து மரத்தைப் பிளந்தது என்று கொள்க. அத்தகைய கத்தி வெட்டும்போது ஒடியக் கூடும். படத்தைப் பார்த்து வாங்குவோர், விற்பவரிடம் இந்த இரண்டு இடங்களின் படத்தைத் தனியே கேட்டுப் பெறுதல் நலம். முழுக் கத்தியின் அழகிய படத்தால் பயனில்லை.

இனி நீக்கும் முறை. சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு கழுவி நன்றாகத் துடைக்கவேண்டும். கத்தியைப் பலகை மீது படுக்கவைத்து, வாய் நமக்கு எதிர்ப்புறம் இருக்கச் சில துளி எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் ஊறவிடுக. பிறகு தக்கைத் துண்டில் நுண்ணிய சாம்பலோ சமையல் சோடாவோ தொட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே போக்கில் தேய்க்கவேண்டும். குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் கீறல் விழும்; கீறல் ஒவ்வொன்றும் ஈரம் தங்கும் வாய்க்கால். நம் பாட்டிமார் பயன்படுத்திய செங்கற்பொடியும் நல்லதே. துணியில் சலித்து எடுத்தால் போதும். இவற்றுக்கு மசியாத துருவுக்கு 400ஆம் எண் உப்புத்தாளும், முடிவில் 800ஆம் எண்ணும். பெரும்பாலான கத்திகள் இவ்வளவிலேயே சீராகிவிடும். பொறுமை ஒன்றுதான் செலவு.

புளி, எலுமிச்சை, வினிகர் ஆகிய மூன்றும் துருவைக் கரைப்பது உண்மை. துருவைக் கரைத்த பிறகு அவை நிற்பதில்லை. இரும்பையும் கரைக்கத் தொடங்கும். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியைப் பூசி மறந்துவிட்டால், காலையில் கத்தியின் வாய் சொரசொரப்பாகியிருக்கும். துரு ஆழமாக இருந்தால் மட்டும், வினிகரில் நனைத்த துணியை அவ்விடத்தில் சுற்றி, அரைமணிக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்கலாம். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து, உடனே எண்ணெய் பூசவேண்டும். புளிப்பு தின்ற இரும்பு அம்மணமாக இருக்கும். சில நிமிடங்களில் புதுத்துரு பூத்துவிடும். குளியலறைக் கழுவுநீரான உப்பு அமிலத்தை நினைத்தும் பார்க்கவேண்டா; அது கடின எஃகுக்குள் நீரக வளியை ஏற்றி நொறுங்கச் செய்யும். நெருப்பில் காட்டிச் சுடுவதும் கூடாது. எஃகு 200 பாகைக்கு மேல் சூடேறினால் அதன் பதம் இறங்கத் தொடங்கும். வாய் நீலநிறமானால், கொல்லன் ஏற்றிய கடுமை போய்விட்டது என்பது பொருள்.

துருப்பிடித்த கத்தி வெட்டினால் இசிவு நோய் வரும் என்னும் அச்சத்தையும் இங்கே கூறவேண்டும். டெட்டனஸ் என்னும் அந்நோயைத் துரு உண்டாக்குவதில்லை. மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வாழும் ஒருவகை நுண்ணுயிரே உண்டாக்குகிறது. மண்ணில் கிடந்த ஆணி துருவும் பிடித்திருக்கும், நுண்ணுயிரும் கொண்டிருக்கும். பழி துருவின் மேல் விழுந்தது. பளபளப்பான கத்தியிலும் மண் படிந்திருந்தால் ஆபத்து உண்டு. பழங்கத்தி எங்கே கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆகையால், சுத்தம் செய்யும்போது கையைக் கிழித்துக்கொண்டால் காயத்தைக் கழுவி மருத்துவரைக் காண்பதே முறை. துரு இல்லையே என்று இருந்துவிடலாகாது.

இடைப்பிறவரலாக ஒன்று. சிராங்கூன் சாலைப் பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர் பெயரிட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்தன. அந்தச் சுண்ணாம்பு துருவின் பகை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் கிடக்கும் இரும்பு துருவேறாது. அதன் காரத்தன்மை இரும்பின் மேல் காப்புப் படலத்தை நிலைநிறுத்தும். அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட்டுக்குள் கம்பிகள் நிலைத்திருப்பதும் இக்காரணத்தால்தான். காற்றிலுள்ள கரியமில வளி பல ஆண்டுகளில் உட்புகுந்து அக்காரத்தைத் தணித்துவிட்டால், கம்பி துருவேறிப் பருத்து, கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பழைய வீவக வீடுகளில் குளியலறைக் கூரை உதிர்வதும், கத்தியின் கைப்பிடி பிளப்பதும் ஒரே வினை. வகுப்பில் துருவைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர் இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டினால் மாணவன் மறவான்.

சீராக்கிய கத்தியைக் காப்பது எளிது. நாள்தோறும் தீட்டப்படும் பால்வெட்டுக் கத்தியில் துரு தங்க நேரமில்லை. அதியமான் வேலின் கதைதான். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் கத்திக்கே நெய் வேண்டும். நெய் என்னும் சொல் பண்டு பால்நெய்யை மட்டுமன்றி எண்ணெயையும் குறித்தது; எள்நெய்யே எண்ணெய். ஆகவே தொண்டைமான் பூசியது எதுவாயினும் குற்றமில்லை. ஆனால் வெண்ணெய் ஆகாது. அதில் ஆறில் ஒரு பங்களவு நீர் உண்டு, கடையில் வாங்குவதில் உப்பும் உண்டு. உருக்கிய நெய்யில் நீர் வற்றிவிடுகிறது. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெய் அவ்வளவு பிசுபிசுக்காது. மாதம் ஒரு முறை துடைத்துப் புதிதாகப் பூசினால் போதும். உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் கெட்டுப்போகாது, ஆதலின் நெடுநாள் வைப்புக்கு அதுவே தக்கது. தோல் உறைக்குள் வைக்கவேண்டா. பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் ஈரமும் இரும்பைத் தின்னும். ஆயுத பூசையன்று கத்திக்கு இடும் சந்தனமும் குங்குமமும் ஈரப் பொட்டுகளே. மறுநாள் புனர்பூசை முடிந்ததும் அவற்றைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவி எடுத்து வைக்கவேண்டும். விட்டுவிட்டால் பொட்டு இருந்த இடத்திலேயே வட்டமாகத் துரு விழும்.