மன்னிப்பும் வழக்கும்

கனடா தேசத்துப் பூர்வகுடிகளுடன் சமரசமாவதே தன் நோக்கமென்று அந்நாட்டு இலாகா பறைசாற்றி வருகிறது. கொலம்பஸ் திசை தவறிய பயனாக இம்மக்களுக்கு நம் பெயர் வாய்த்தது. 'இந்தியர் இலாகா' என்பதே அதன் பழைய திருநாமம். 2017ல் அதை இரண்டாகப் பிரிப்பதாக அறிவித்தனர். பெயர்ப்பலகை மாறுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. நடத்தை மாறிற்றா என்பதே கேள்வி.

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பாடசாலைகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த கதை பிரசித்தம். சுமார் 1,50,000 பிள்ளைகள் இவற்றில் இருந்தனர். 1907ல் இலாகாவின் தலைமை வைத்திய அதிகாரி டாக்டர் பீட்டர் பிரைஸ், தமக்குக் கணக்குக் கிடைத்த 1,537 பிள்ளைகளுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் மாண்டனரென்று எழுதினார். இலாகா அசையவில்லை.

வக்கீல் தொழில் அறிந்தோருக்கு இன்னொரு விஷயம் திகைப்பூட்டும். 1927ல் இயற்றிய ஷரத்தின்படி, பூர்வகுடிகளின் உரிமைகோரி வழக்காட அவர்களிடமிருந்து பணம் திரட்டுவது குற்றம். இலாகா தலைவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்! பிரதிவாதியின் அனுமதி பெற்று வாதி வழக்குத் தொடுக்கவேண்டுமாம். தண்டனை 200 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதம் வரை சிறை. 1951ல்தான் இந்த விபரீதம் ஒழிந்தது.

2008ல் பிரதம மந்திரி ஹார்ப்பர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். நீதிபதி முர்ரே சின்க்ளேர் தலைமையில் உண்மை, சமரசக் கமிஷன் விசாரித்து, 2015ல் 94 சிபார்சுகளை வெளியிட்டது. நன்று. ஆயின் ரிசர்வுகளில் வாழும் பிள்ளைகளின் பராமரிப்புக்குப் பாரபட்சமாகக் குறைந்த பணம் தரப்படுகிறதென்று 2007ல் மனித உரிமைக் கமிஷனிடம் அளித்த முறையீட்டை, மன்னிப்புக் கோரிய அதே சர்க்கார் வருஷக்கணக்காக எதிர்த்து வாதாடிற்று. 2016ல் மனித உரிமை நியாயஸ்தலம் பாரபட்சம் உண்மையே எனத் தீர்த்தது. 2019ல் பிள்ளையொன்றுக்கு 40,000 டாலர் நஷ்டஈடு விதித்தபோது, கட்சி மாறிவந்த சர்க்காரும் மேல்கோர்ட்டை நாடி 2021ல் தோற்றது. முடிவில் 2023ல் சுமார் 2,334 கோடி டாலர் ராஜிக்குக் கோர்ட்டு சம்மதம் அளித்தது. தொகை பெரிது, அதை மறைப்பது நியாயமன்று. ஆனால் மனமுவந்து கொடுத்ததாக இலாகா பெருமை பேச இடமேது?

குடிநீர் விஷயமும் இப்படியே. ரிசர்வுகளில் நீரைக் காய்ச்சாமல் அருந்தலாகாதென்னும் நெடுநாள் எச்சரிக்கைகளை 2021 மார்ச்சுக்குள் நீக்குவதாக வாக்களித்தனர். பல நீங்கின. ஒன்டாரியோவின் வடபகுதியிலுள்ள நெஸ்கன்டாகாவில் 1995ல் விதித்த எச்சரிக்கையோ, தவணை கடந்த பின்னும் நின்றது.