ஏலக்காய் தெரிந்த மூக்குக்கு ஐபிஏ பீர்

பாயசம் கொதிக்கும்போதே ஏலக்காயைத் தட்டிப் போட்டால் தெருவே மணக்கும். கிண்ணத்தில் பாலும் வெல்லமும்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்தபின் போட்டு மூடி வைத்தால்தான் ஏலம் கிண்ணம் வரை வந்து சேரும். ஏலக்காய் ஊர்களான குரங்கணியிலும் போடியிலும் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) டின் பீரை ருசித்துத் தரம் சொல்ல இந்த ஒரு சமையலறை அறிவே முக்கால்வாசி போதும் என்பது என் கட்சி.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கஞ்சாச் செடியின் குடும்பம்தான், ஆனால் அந்தப் போதை இதில் கிடையாது. பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும்; சரக்கு அதில்தான் இருக்கிறது. பறிக்கும்போது முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 60 டிகிரி அளவுச் சூட்டில் உலர்த்தி, ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நம் மலையில் ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் நடப்பதும் ஏறக்குறைய இதே கணக்கு: 80 சதவீத ஈரத்தோடு உள்ளே போகும் காய், 45 முதல் 60 டிகிரிக்குள் காய்ந்து, பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் வெளியே வரும். சூடு கூடினால் இரண்டிலும் வாசனை போகும். அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கில் அறுவடைக் காலத்தில் பீர் தயாரிப்பவர்கள் நேரில் வந்து, ஹாப்ஸை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக் கசக்கி முகர்ந்துபார்த்துத்தான் மூட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏலக்காயைப் பிளந்து, அரிசியை நகத்தால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோகும் நம்மூர்ப் பழக்கத்துக்கு அது தூரத்து உறவு அல்ல, பக்கத்து வீடு.

ஓரிடத்தில் மட்டும் பாயசக் கணக்கு உதவாது. ஏலக்காயிடம் நமக்கு வேண்டியது வாசனை மட்டும். ஹாப்ஸிடம் கசப்பும் வேண்டும். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் ஒரு பிசின். தானாகத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு மணி நேரம் போலக் கொதித்தால் அதன் மூலக்கூறு உருமாறுகிறது. அப்போதுதான் கரைகிறது, கசக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய் ஆவியோடு போயேவிடும். ஏலக்காய் எண்ணெய் எடுக்கிற ஆலையில் நீராவியைச் செலுத்திப் பிரிப்பதும் இதே வழியில்தான். அங்கே ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள், இங்கே அது கூரை வழியே போய்விடுகிறது.

ஆகவே ஹாப்ஸைத் தவணை தவணையாகப் போடுகிறார்கள். முதல் பிடி, கொதியின் தொடக்கத்தில், கசப்புக்கு. அடுத்தது அடுப்பு அணைகிற நேரத்தில். கடைசிப் பிடிதான் இந்த வகை பீரின் உயிர்: நொதித்து முடிந்து குளிர்ந்து நிற்கும் பீருக்குள் சூடே காட்டாமல் ஹாப்ஸைப் போட்டு, சில நாள் ஊறவிடுவார்கள். உரித்த ஏலத்தோலை எறிய மனமில்லாமல் டீத்தூள் டப்பாவில் போட்டு வைக்கிறோமே, அந்த வேலைதான். கொதிக்காததால் கசப்பு அதிகம் ஏறாது, வாசனை மட்டும் இறங்கும். மூக்கு கில்லாடியாக இருந்தால் இன்னொன்றும் பிடிபடும். ஏலத்தில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள் ஹாப்ஸிலும் உண்டு. பூவும் எலுமிச்சையும் கலந்த அந்த மென்மணம் நமக்குப் பழையதுதான்.

ஐபிஏ பெயரில் இந்தியா ஒட்டிக்கொண்டதற்கும் இந்தப் பக்கத்துக்கும் ஒரு வேடிக்கையான எதிர்ப்பொருத்தம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி தாண்டித் தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பு, லண்டன் கிழக்கில் ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் போ பீர் ஆலையிலிருந்து வெளிர்நிற பீர்ப் பீப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தன. மாதக்கணக்கான பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸ் உதவியது உண்மை. அதிலுள்ள கசப்புப் பொருள் சில பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும். ஹாட்ஜ்சன் இந்தியாவுக்கென்றே புது பீரைக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் கதை. ஹாப்ஸ் கூடிய வெளிர் பீர் அங்கே முன்பே இருந்தது.

இன்று நமக்குக் கிட்டத்தில் கிடைப்பது பெங்களூரிலும் கோவாவிலும். 2012-இல் பெங்களூரில் தொடங்கிய ஆர்பர் நிறுவனத்தின் பீச் ஷாக் ஐபிஏ டின்னிலேயே வருகிறது. டாஸ்மாக் அலமாரியில் இந்த ரகத்தைத் தேடி ஏமாற வேண்டாம். அங்கே லேகரும் ஸ்ட்ராங்கும்தான் ராஜா.

டின் கையில் வந்ததும் பெயரையோ படத்தையோ பார்க்காதீர்கள். தலைகீழாகத் திருப்பி, அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். டின் வெளிச்சத்தை முழுக்க மறைக்கும். பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் கசப்புப் பொருள் உடைந்து வருகிற கந்தக நாற்றம் இதில் வராது. ஆனால் வெப்பத்தையும் நாளையும் டின்னால் தடுக்க முடியாது. அடைக்கும்போது உள்ளே சிக்கிய கொஞ்சம் ஆக்சிஜன் போதும், மாதக்கணக்கில் வாசனையைத் தின்றுகொண்டிருக்கும். மூன்று மாதம் தாண்டிய ஐபிஏயை, அதுவும் கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்ததை, நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது கூலிங். நம்மூரில் பீர் என்றால் பல் கூசவேண்டும். ஐபிஏக்கு அது கேடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்து, 7 முதல் 10 டிகிரிக்கு வந்தபின் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஊற்றியவுடன் முகருங்கள், குடிக்காதீர்கள். நார்த்தங்காய்த் தோல், மாம்பழம், கொய்யா, பைன் பிசின் என ஏதாவது தெளிவாக எழவேண்டும். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, தெளிவுதான் கணக்கு. வெங்காயமோ பூண்டோ அடித்தால் சந்தேகப்படுங்கள். சில ஹாப்ஸ் ரகங்களை நாள் தள்ளிப் பறித்தால் அந்த வாடை வரும்.

பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான பிஜேசிபியின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. முகர்மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3, சுவைக்கு 20, வாயில் படும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏல மையத்தில் ஏலக்காய்க்கு நடப்பது ஏறத்தாழ நேர்மாறு. பச்சை நிறம், சல்லடை அளவு, லிட்டர் வெயிட். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் தேறி, லிட்டருக்கு 435 கிராம் நிற்கிற காய்க்குத் தனி மரியாதை. வாசனை அரிசிக்குள் இருக்க, விலையைப் பெரும்பாலும் தோல்தான் பேசுகிறது. இந்த விஷயத்தில் பீர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். போடி நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி ஒரு வாய். உடனே விழுங்காமல் நாக்கின் எல்லாப் பக்கமும் படரவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகர்ந்தபோது கிடைத்த பழவாசனை திரும்பி வருகிறதா? அமெரிக்க ஐபிஏயின் கசப்பு அளவு 40 முதல் 70. அமெரிக்க வகை லேகருக்கு 8 முதல் 18. ஆனால் எண்ணை நம்பாதீர்கள், மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) இனிப்பு கூடினால் 60-கூடச் சாதுவாகத் தெரியும். கசப்பு சுத்தமாக வந்து சுத்தமாக விலகவேண்டும். தொண்டையில் பாகற்காய்ச் சாறு போலத் தங்கிப் பிறாண்டினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். வெண்ணெய் வாசனை பாயசத்துக்குப் பாராட்டு, இங்கே குற்றம்: நொதித்தல் சரியாக முடியவில்லை என்று பொருள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் ஆக்சிஜன் வேலையைக் காட்டிவிட்டது.

மூக்குக்குப் பரீட்சை வைக்க ஆசையிருந்தால் ஒரே தேதியிட்ட டின் இரண்டு வாங்கி, ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை அடுப்படி அலமாரியிலும் ஒரு மாதம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து மூன்று டம்ளரில், இரண்டில் ஒன்றும் மூன்றாவதில் மற்றதுமாக, இன்னொருவர் ஊற்றித் தரட்டும். எது தனி என்று மூக்கை மட்டும் வைத்துச் சொல்லவேண்டும். ஊற்றுகிறவருக்கு 21 வயது ஆகியிருக்கட்டும்.