களைச்செடியில் பிறந்த கூடலூர் யானைகள்!

லண்டன் கிரீன் பார்க்கில் 2021-ம் ஆண்டு ஒரு யானைக் கூட்டமே வந்து நின்றது. தாய், குட்டி, கொம்பன் என எல்லாமே நிஜ யானையின் அளவு. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அத்தனையும் குச்சி! நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதிப் பழங்குடி மக்கள், காட்டைக் கெடுக்கும் ஒரு களைச்செடியை வெட்டிச் செய்த சிற்பங்கள் அவை.

அழகுக்கு வந்த ஆபத்து

உண்ணிச்செடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தச் செடி, 1800-களின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்கு வந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடெங்கும் பரப்பின. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவிகிதத்துக்கும் மேல் இது பரவிவிட்டதாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

இது மண்டிய இடத்தில் புல் தலையெடுக்காது. இலையோ கால்நடைகளுக்கு நஞ்சு. மேய இடம் குறையக் குறைய, யானைகள் வாழைத் தோட்டம் பக்கம் வருகின்றன. மனிதர், யானை மோதலுக்கு இதுவும் ஒரு காரணம்.

குச்சி யானையாகும் கதை

முதலில் இரும்புக் கம்பியில் யானை வடிவச் சட்டம். உண்ணிக் கழிகளைத் தண்ணீரில் வேகவைத்தால் பட்டை உரியும், கழியும் வளைந்துகொடுக்கும். பிறகு வளைத்துச் சட்டத்தில் பொருத்துகிறார்கள். பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற சமூகத்தினர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அங்கே உலவும் நிஜ யானைகளே இவர்களுக்கு மாடல். யானைகளோடு அக்கம்பக்கமாக வாழ்பவர்கள் என்பதால் காதின் மடிப்பும் நடையும் அத்துப்படி!

‘தி ரியல் எலிஃபென்ட் கலெக்டிவ்’ என்ற அமைப்பு இவர்களை ஒருங்கிணைக்கிறது. பிரிட்டனின் ‘எலிஃபென்ட் ஃபேமிலி’ கைகொடுக்கிறது. 2024 பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக், அதே ஆண்டில் 100 யானைகளுடன் அமெரிக்கப் பயணம், நியூயார்க் வீதியில் அணிவகுப்பு என்று புகழ் பரவியது. விற்பனைப் பணம் வனஉயிர் பாதுகாப்புக்குப் போகிறது. செய்தவர்களுக்குச் சொந்த ஊரிலேயே வருமானம் கிடைக்கிறது.

எத்தனை யானை செய்தாலும் காட்டிலுள்ள உண்ணிச்செடி தீர்ந்துவிடாது. வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஆனாலும், யாருக்கும் வேண்டாத களைக்கு ஒரு விலை கிடைத்திருக்கிறது. யானைகளுக்காகக் கோடிக்கணக்கான கண்கள் திரும்பியிருக்கின்றன.

நம்ம ஊரிலும் முடியும்

இயற்கைப் பொருளில் செய்வதால் மட்டும் ஒரு கலை பசுமைக் கலை ஆகிவிடாது. பச்சை மரத்தை ஒடித்துச் செய்தால் அது இயற்கைக்கு நஷ்டம்தான். செய்து முடித்தபின் அந்த இடம் முன்னைவிட நன்றாக இருக்க வேண்டும். அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு உணவாவதும், ஐயனார் கோயில் மண்குதிரை காலப்போக்கில் மெல்லச் சிதைவதும் நமக்குப் பழகிய பாடம்தானே!

காஞ்சிபுரம் ஏனாத்தூர் போல மாணவர்கள் நிறைந்த ஊர்களில் இதைத் தொடங்கலாம். ஏரியை மூடும் ஆகாயத்தாமரையின் தண்டைக் காயவைத்துப் பின்னலாம். வெட்டிப்போட்ட சீமைக்கருவேல மரத்தில் சிற்பம் செய்யலாம். முள் ஜாக்கிரதை! கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறு போதும், நைலானும் பெயின்ட்டும் வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் இடத்தை விட்டுத் தள்ளியே வையுங்கள். ஏரிக்கரை என்றால் உரிய அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.