ஏர் நின்ற ஊர்

இங்கிலாந்தின் வடபால் யார்க்ஷயரில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கிடையே வாரம் பெர்சி என்றோர் இடம் உண்டு. கூரையிழந்த தேவாலயம் ஒன்றும் புல் மூடிய மேடுகளுமே அங்கு எஞ்சியிருப்பவை. அம்மேடுகள் குடியானவர் வீடுகளின் அடித்தளங்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னும் தோட்ட மனையின் எல்லை தெரிகிறது. உழுபவரும் நெய்பவரும் ஒரே சங்கத்தில் கூடியுள்ள நாம், அவ்வூர் பாழான வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

அவ்வரலாற்றைத் தேவாலயத்தின் சுவர்களே கூறுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் கற்கோயில் எழுந்தது. குடிகள் பெருகவே இருபுறமும் பக்க மண்டபங்கள் சேர்க்கப்பட்டன. பிற்காலத்தில் குடிகள் குறைந்தபோது அவற்றை இடித்துவிட்டு, வளைவுகளைக் கல் வைத்து அடைத்தனர். அடைத்த வளைவுகளை இன்றும் காணலாம்.

1349-இல் பரவிய கொள்ளை நோய் பலரைப் பலிகொண்டது. ஆயினும் ஊர் அதனால் அழியவில்லை. நோய்க்குப்பின் ஆள் பஞ்சம் உண்டாயிற்று, கூலி உயர்ந்தது. தானியத்தைவிட ஆட்டுரோமமே நிலவுடைமையாளருக்கு ஆதாயம் தந்தது. பல ஏர்கள் உழுத நிலத்துக்கு ஓரிரு இடையர் போதும். 1500-ஆம் ஆண்டையொட்டி, எஞ்சியிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டன, நான்கு வீடுகள் பாழாயின என்று 1517-ஆம் ஆண்டின் அரசாங்க விசாரணையில் பதிவாயிற்று.

அண்டை ஊரார் தொடர்ந்து வழிபட்டமையால் தேவாலயம் மட்டும் நிலைத்தது. 1870-இல் அவர்கள் தமக்கெனத் தனிக் கோயில் கட்டிக்கொண்டனர். 1959-இல் பழைய கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்போர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்று, 1950 முதல் 1990 வரை கோடைதோறும் நடத்திய அகழாய்வு, மறைந்த அக்குடியானவர் வாழ்வை வெளிப்படுத்தியது.

அங்கு கத்தரித்த ரோமமும் எங்கோ ஒரு தறிக்குத்தான் சென்றிருக்கும். அதை நெய்தவர் எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர். அந்நூலுக்காக எவருடைய ஏர் நின்றது என்பதை அவர் அறிய வழியில்லை. உழவரும் அவரிடம் முறையிட வழியில்லை. இருவருக்குமிடையே நின்றவரே ஆதாயக் கணக்கைப் போட்டார், முடிவும் அவருடையதே.

நம் சங்கத்தில் அந்த இடைவெளி இல்லை. பருத்தி விலையையும் நூல் விலையையும் பற்றிப் பொதுச்சபை கூடும்போது, இரு சாராரும் தவறாது வருதல் வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவரின் கணக்கையும் பொறுமையுடன் கேட்டபின்னரே கை உயர்த்துவோமாக.