தொடர்பு அறுந்தாலும் உழைப்பு அழியாது

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்திற்கு மாறின. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி மலைகள் உள்ளன. மலை மறைத்தால் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அலை வலுவிழக்கும். ஈப்போவிலிருந்து விலகியுள்ள பழைய தோட்டப்புறம் ஒன்றில் ஒரு மாணவர் கட்டுரை எழுதி, ‘அனுப்பு’ எனும் பொத்தானை அழுத்துகிறார் எனக் கொள்வோம். அந்நொடியில் தொடர்பு அறுந்தால் அவரது கட்டுரை என்னவாகும்? இதற்கான விடை கோபுரத்தை மட்டும் பொறுத்ததன்று. செயலி எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையும் பொறுத்தது.

இணையச் செயலிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நம் கருவியில் இயங்கும்; மற்றொன்று தொலைவிலுள்ள ‘வழங்கி’ எனும் கணினியில் இயங்கும். நம் கருவி கோரிக்கை அனுப்பும். வழங்கி அதைப் பெற்று மறுமொழி தரும். மறுமொழி வராவிட்டால், கோரிக்கையே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது, கோரிக்கை சேர்ந்த பின்னர், மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை நம் கருவியால் அறிய இயலாது. இதுவே இச்சிக்கலின் முடிச்சு. நன்கு எழுதப்பட்ட செயலி இதனை மூன்று வழிகளில் அவிழ்க்கிறது.

முதலாவது, சேமித்தல். மாணவர் எழுத எழுத, செயலி அதனைக் கருவியின் நினைவகத்திலேயே பதிந்து வைக்கிறது. வழங்கியிடமிருந்து ‘பெற்றுக்கொண்டேன்’ எனும் மறுமொழி வரும் வரையில் அப்பதிவை அழிப்பதில்லை. ‘இன்னும் அனுப்பப்படவில்லை’ என்று திரையில் தெளிவாகக் காட்டவும் செய்கிறது.

இரண்டாவது, காத்திருந்து மீண்டும் முயலுதல். ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி, எட்டு நொடி எனச் செயலி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே செல்கிறது. அதோடு, ஒவ்வொரு கருவியும் சற்றே வேறுபட்ட நேரம் காத்திருக்குமாறு செய்யப்படுகிறது. இல்லையேல், தொடர்பு மீண்டதும் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நொடியில் அழைக்க, வழங்கி திணறிப்போகும். இவ்வுத்தி புதியதன்று. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் அப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி அலைகளால் இணைக்கும் ‘அலோகாநெட்’ எனும் கணினி வலையமைப்பை இயக்கினர். இரு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பிய செய்திகள் மோதிச் சிதைந்தன. மறுமொழி பெறாத கருவி, முன்கூட்டியே வரையறுக்கப்படாத ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பியது. 2011ஆம் ஆண்டில் வெளியான ‘வெப்சாக்கெட்’ நெறிமுறையும் முதல் மறுமுயற்சிக்கு முன் 0 முதல் 5 நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு நேரம் காத்திருக்கலாம் எனப் பரிந்துரைக்கிறது.

மூன்றாவது, அடையாள எண் இடுதல். மீண்டும் அனுப்பினால் ஒரே கட்டுரை இரு முறை பதிவாகிவிடக்கூடும். இணைய வங்கியிலோ பணமே இரு முறை கழிக்கப்படலாம். அந்நாளில் பால்மரத் தோட்டங்களின் பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் பதிவு செய்ததை நம் தாத்தா பாட்டி அறிவர். ஒருவர் இரு முறை குரல் கொடுத்தாலும் அவர் பெயருக்கு ஒரு நாள் வேலைதான் குறிக்கப்படும். அதுபோலவே, செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இடுகிறது. அதே எண் மீண்டும் வந்தால், வழங்கி அதைப் புதிதாகப் பதியாமல் முந்தைய மறுமொழியையே திரும்பத் தருகிறது.

தொடர்பு அறுவதை அரிய விபத்தாகக் கருதி எழுதப்படும் செயலி, நகரத்தின் விரைவான இணையத்தில் குறையின்றி இயங்கும். தோட்டப்புறத்தில் மாணவரின் உழைப்பை இழக்கச் செய்யும். எனவே, நாளை செயலி எழுதவிருக்கும் மாணவர்கள் தொடர்பைத் துண்டித்தும் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.